கொட்டித் தீர்ப்பது: கார்டிஃபிலும் ஃபிலடெல்ஃபியாவிலும்

உளச்சிகிச்சை நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்று மொத்தமாகக் கேட்பது, மாத்திரை நல்லதா கெட்டதா என்று கேட்பது மாதிரி. எது, யாருக்கு, எப்போது என்று கேட்டால்தான் பேச்சே தொடங்கும். அதனால் இரண்டே இரண்டு முறைகளை எடுத்துக்கொள்கிறேன். கொடுமையான ஒன்றை அனுபவித்தவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தேறிவிடுவார் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் வேர். நம் வீடுகளிலும் துக்கம் நடந்த இடத்தில் "அடக்கி வெச்சுக்காதே, அழுதுடு" என்றுதான் சொல்கிறோம். அப்படி ஒரே வேரில் முளைத்த இரண்டில், ஒன்றைச் செய்ய வேண்டாம் என்கின்றன இன்றைய மருத்துவ வழிகாட்டிகள். மற்றதை முதல் வரிசைச் சிகிச்சைகளில் வைத்திருக்கின்றன.

முதலாவதன் பெயர் டீபிரீஃபிங். அமெரிக்காவின் மேரிலாண்டில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேலை பார்த்துவிட்டு உளவியலுக்கு வந்த ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் இதை எழுதி வெளியிட்டார். விபத்து நடந்த ஓரிரு நாளில், சம்பவ இடத்தில் வேலை செய்தவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஏழு கட்டங்களில் பேசவைப்பது. என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, எந்தக் கணம் எல்லாவற்றையும் விட மோசம், உடம்பில் என்ன மாற்றம் என்று கேட்டுக்கொண்டே போய், இனி என்னென்ன தொந்தரவு வரக்கூடும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். மொத்தமே ஒரு தடவை, சில மணி நேரம். தீயணைப்புக்காரர்களுக்கு என்று பிறந்தது விரைவில் வங்கிக் கொள்ளையில் மாட்டியவர், காரில் அடிபட்டவர் என எல்லோருக்கும் பொதுவானது. ஏதாவது நடந்தால் மறுநாளே கவுன்சலரை அனுப்புவது நிறுவனங்களுக்கு மரியாதையான சடங்காகவும் ஆயிற்று.

இரண்டாவதை உருவாக்கியவர் இஸ்ரேலிலிருந்து வந்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பணியாற்றிய எட்னா ஃபோவா. ஆங்கிலத்தில் ப்ரொலாங்டு எக்ஸ்போஷர் என்கிறார்கள். நீடித்த எதிர்கொள்ளல் என்று வைத்துக்கொள்ளலாம். இது நடந்த மறுநாள் வேலை அல்ல. மாதங்கள், சமயத்தில் வருடங்கள் கழிந்தும் கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒதுங்கி வாழ்தலும் விடாதவர்களுக்கு, அதாவது பிடிஎஸ்டி என்ற நோய் உறுதியானவர்களுக்கு. வாரம் ஒன்றோ இரண்டோ, ஒன்றரை மணி நேரம் வீதம், எட்டு முதல் பதினைந்து அமர்வுகள்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு புரியும். லாரி மோதிய பேருந்தில் இருந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோலவே சொல்ல வேண்டும்: "ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எதிர்ல வெளிச்சம்." சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிகிச்சையாளர் கேட்பார்: பயம் நூற்றுக்கு எவ்வளவு? தொண்ணூறு. தொடருங்கள். கதை முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. முக்கால் மணி நேரம் வரை ஒரே கதையே திரும்பத் திரும்ப ஓடும். பிறகு கண்ணைத் திறந்து, சொன்னதைப் பற்றி இருவரும் பேசுவார்கள். பேசிய பதிவை வீட்டில் தினமும் கேட்பது வீட்டுப்பாடம். பேருந்து நிலையத்தில் போய் நிற்பது, பிறகு இரண்டு ஸ்டாப் பயணம், பிறகு ஜன்னலோரம் என்று ஒதுக்கியவற்றை ஒவ்வொன்றாக அணுகுவது இன்னொரு வீட்டுப்பாடம். தொண்ணூறு எழுபதாகி நாற்பதாகும்வரை இது நடக்கும். கேட்கவே கொடுமையாகத்தான் இருக்கிறது. எது கெடுதல் செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டச் சொன்னால், பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது. வேல்ஸின் கார்டிஃபில் ஜொனாதன் பிஸ்ஸன் குழு, தீப்புண்ணோடு மருத்துவமனைக்கு வந்த 133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் டீபிரீஃபிங் கொடுத்தது. முடிவு 1997-இல் வெளியானது. பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம். இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. குலுக்கலில் மோசமான காயக்காரர்கள் பேசிய பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டார்கள் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். எனக்கு இன்னும் கனமாகப் படுவது ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2000-இல் வெளியான ஆய்வு. முதலில் அதிகமாகக் கலங்கிப்போயிருந்தவர்களில், பேசவைக்கப்பட்டவர்கள் மூன்று வருடம் கழித்தும் கலங்கியே இருந்தார்கள். அதே அளவு கலங்கியிருந்து, யாரும் பேசவைக்காத ஆட்கள் தேறிவிட்டிருந்தார்கள். உதவி யாருக்கு அதிகம் தேவை என்று நினைத்தோமோ, அடி விழுந்தது அவர்களுக்கே. 2002-இல், இதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, கட்டாய டீபிரீஃபிங்கை நிறுத்த வேண்டும் என்றது. 2005-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பும் இதை வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்றது.

ஃபோவா பக்கம்: பாலியல் வன்முறைக்கு ஆளான 45 பெண்களை வைத்து 1991-இல் வெளிவந்த ஒப்பீடு. ஒன்பது அமர்வுகள் முடிந்த கையோடு பார்த்தபோது முன்னால் இருந்தது பதற்றத்தைச் சமாளிக்கும் திறன்களைக் கற்றுக்கொடுத்த வேறொரு முறை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் எதிர்கொள்ளல் முந்தியிருந்தது. நினைவைக் கிளறினால் நோய் கூடாதா என்ற கேள்வியையும் ஃபோவா குழு 2002-இல் நேராகவே எடுத்துக்கொண்டது. கதை சொல்லத் தொடங்கியதும் பிடிஎஸ்டி அறிகுறிகள் நம்பகமாகக் கூடியது சுமார் பத்தில் ஒருவருக்கு. அவர்களும் மற்றவர்களைப் போலவே கடைசியில் தேறினார்கள்.

ஏன் இப்படி? முதல் காரணம் எளிது. ஆனால் நல்ல எண்ணக்காரர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது. பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களை பார்பரா ராத்பாம் குழு வாரந்தோறும் கவனித்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவது வாரத்தில் 94 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 சதவீதமாகக் குறைந்தது. எல்லோரையும் கூட்டி உட்காரவைக்கும் முறை, தேறிக்கொண்டிருந்தவர்களின் கையையும் பிடித்து இழுக்கிறது. பிறகு, ஒரே அமர்வு பயத்தைத் தொண்ணூறுக்கு ஏற்றிவிட்டு, இறங்க நேரம் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. "கெட்ட கனவு வரும், எரிச்சல் வரும்" என்று பட்டியல் கொடுப்பதே ஆட்களைத் தங்கள் உடம்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கச் செய்கிறதோ என்ற சந்தேகமும் உண்டு. அது சந்தேகம்தான்.

அப்படியானால் குற்றம் அவசரத்தில்தானா? அதுவும் முழுப் பதில் இல்லை. சிட்னியில் ரிச்சர்ட் பிரையன்ட் குழு விபத்து நடந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே தொடங்கியது. ஆனால் எல்லோரையும் எடுக்கவில்லை. கடுமையாகக் கலங்கியிருந்த 24 பேரைத் தேர்ந்து, பாதிப் பேருக்கு எதிர்கொள்ளலோடு கூடிய ஐந்து அமர்வுகள், மீதிப் பேருக்கு ஆறுதலாகப் பேசும் ஐந்து அமர்வுகள். 1998-இல் வந்த முடிவில், ஆறு மாதம் கழித்து பிடிஎஸ்டி இருந்தவர்கள் முதல் பக்கம் 17 சதவீதம், ஆறுதல் பக்கம் 67 சதவீதம். சின்ன ஆய்வு என்பது உண்மை. ஆனாலும் சீக்கிரம் தொடங்கியதே பாவம் என்ற வாதம் இதன் முன் நிற்காது. ஆளைத் தேர்ந்தார்களா, பயம் இறங்கும்வரை கூட இருந்தார்களா என்பதே எடைபோட வேண்டியது.

மிட்செலுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் வகுத்தது ஒன்றாக வேலை செய்யும் மீட்புப் பணியாளர் குழுவுக்கு. கட்டிலில் தனியாகப் படுத்திருக்கும் தீப்புண் நோயாளியிடம் அதைச் செய்துபார்த்துவிட்டு எங்கள் முறை தோற்றது என்பீர்களா என்று அவர் தரப்பினர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்த நோயாளி வரைக்கும் அது பரவியபோது யார் தடுத்தார்கள்? பரவியதற்கு வசதியாக ஒரு விஷயம் இருந்தது: பேசவைக்கப்பட்டவர்களில் பலர் "உபயோகமா இருந்துச்சு" என்றே சொன்னார்கள். அது பொய்யுமில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்டது இதமாகத்தான் இருந்திருக்கும். சும்மா விடப்பட்டவர்களோடு ஒப்பிட்டிராவிட்டால் கெடுதல் நடந்தது யார் கண்ணிலும் பட்டிருக்காது. சிகிச்சை தருபவர் தன் அனுபவத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடக் காட்டமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எதிர்கொள்ளலுக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் ராணுவப் பின்னணி கொண்ட 284 பெண்களை வைத்து பாலா ஷ்னர் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்கொள்ளல் பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கு நோய் நீங்கியது. பழைய நினைவைத் தொடாமல் இன்றைய சிக்கல்களை மட்டும் பேசிய சிகிச்சையில் 28 சதவீதம். ஆனால் பாதியில் விலகியவர்கள் முதலாவதில் 38 சதவீதம், இரண்டாவதில் 21. அந்த 38-ஐ விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

சுனாமி வந்தபோது இந்த விவாதம் தமிழ்க் கரைக்கும் வந்தது. வடகிழக்கு இலங்கையின் ஒரு தற்காலிக முகாமில், அலை அடித்து மூன்று வாரம் ஆன நிலையில், போரையும் சுனாமியையும் பார்த்த 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த வேலை, 2009-இல் வெளியானது. ஒரு குழுப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னார்கள். அலையையும் அதற்கு முந்தைய ஷெல்லடியையும் விடவில்லை. மற்றக் குழுவுக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும். ஆறு மாதத்தில் சொன்னவர்களில் 81 சதவீதம் தேறினார்கள், சொல்லாதவர்களில் 71. இவ்வளவு சின்னக் குழுவில் அந்தப் பத்து சதவீத வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னதும் சொல்லாததும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை: தன் ஊரைத் தெரிந்த ஒருவர், ஆறு தடவை, தேர்ந்தெடுத்த பிள்ளை. கார்டிஃபில் ஒப்பிட்டுப் பார்க்க இருந்த, எதுவும் செய்யாமல் விடப்பட்ட குழு மட்டும் இங்கே இல்லை. கூடாரத்தில் இருக்கும் பிள்ளையை ஆறு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. அதனால் இந்த 81-லும் 71-லும் எத்தனை பேர் எப்படியும் தேறியிருப்பார்கள் என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.