வானம் மட்டும்தான் இயற்கை



வைசன்புருக் (1824–1903) என்ற டச்சு ஓவியரின் நீர்வண்ணப் படங்களைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாழ்ந்த அடிவானம், ஒரு வாய்க்கால், இரண்டு மாடுகள், தூரத்தில் ஒரு காற்றாலை. மீதியெல்லாம் மேகம். 'என்ன அழகான இயற்கை!' என்று தோன்றும். ஆனால் அதில் மனிதக் கை படாதது வானம் மட்டும்தான்.

அந்த நிலம் பெரும்பாலும் சதுப்பாக இருந்தது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். பயிர் விளைந்தது. ஆனால் அது மக்கிய செடிகொடிகளால் ஆன மண்; ஈரம் போனால் பஞ்சுபோல அமுங்கிவிடும். நிலம் இறங்க இறங்க, நீர் தானாக வடியவில்லை. அதை இறைக்கத்தான் 15ஆம் நூற்றாண்டில் காற்றாலைகளைப் பூட்டினார்கள் (மாவரைக்க அவை முன்பே இருந்தன). இறைத்ததால் நிலம் இன்னும் இறங்கியது!

போதாக்குறைக்கு அதே மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். வெட்டிய பள்ளங்களில் நீர் நின்றது. ஏற்கெனவே இருந்த ஹார்லெம் ஏரியோ அந்த இளகிய கரைகளைத் தின்று பெருத்தது. 1836 புயல்களில் அதன் நீர் ஆம்ஸ்டர்டாம், லெய்டன் நகரங்களின் வாசலுக்கே வந்துவிட்டது. பிறகு 3 நீராவி இறைப்பு நிலையங்கள் அமைத்து, 1852இல் அதை வற்றவைத்தார்கள். அப்போது நம் ஓவியருக்கு வயது 27.

இன்றைய ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரியின் தரையில், கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே இறைப்பு இன்னும் நிற்கவில்லை. நிறுத்தினால் மழையும் ஊற்றுமே போதும், ஏரி திரும்பிவிடும்.