"மாத்திரைதான் போடுறேன்ல!" – இந்தச் சாக்கு இன்னும் எத்தனை நாளைக்கு?

"காக்கா, சுகர் இப்ப எவ்வளவு இருக்கு?"

"அது கிடக்கு தம்பி. மாத்திரைதான் போடுறேன்ல. நீ அந்தத் தாளிச்சாவை இப்படித் தள்ளு."

நம்மில் யாருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல. ஒவ்வொரு வலீமா விருந்திலும் கேட்கிறோம், சிரித்துவிட்டு நாமும் தாளிச்சாவைத் தள்ளிக் கொடுக்கிறோம். சில வருடங்கள் கழித்து அதே காக்காவுக்குக் காலில் ஆறாத புண், சிறுநீரகத்தில் கோளாறு, வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்று செய்தி வரும். மருத்துவ உதவி கேட்டு ஜமாஅத்துக்கு மனு வரும். நாமும் மனமிரங்கி வசூல் செய்து கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் விருந்தில் தாளிச்சாவைத் தள்ளிக் கொடுத்ததும் நம் கைதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறோம். இனிப்பாகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, பலனில்லை.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் எல்லையில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய், அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு. உங்கள் வீட்டில் பெரியவர்கள் ஏழு பேர் இருந்தால் எண்ணிப் பாருங்கள். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை" என்று சொல்பவர்களில் பலர் இதுவரை ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள்.

முதலில் சில எண்களை மனதில் வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100க்குக் கீழ் இருக்க வேண்டும். 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126ம் அதற்கு மேலும் என்றால் நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 தொட்டால் நோய். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போகக்கூடாது. தையல்காரரிடம் இருக்கும் டேப் போதும், இதற்கு மருத்துவர் தேவையில்லை. வேட்டியும் கைலியும் கட்டுகிறவர்களுக்குத் தொப்பை வளர்வது தெரிவதே இல்லை. பேண்ட் போட்டால் பட்டன் சொல்லிவிடும், கைலி சொல்லாது.

இனி சாக்குகளைப் பார்ப்போம்.

"ஐந்து வேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சிதான்" என்பதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தொழுகை இபாதத். அதில் உடலுக்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேகமான நடை, அதோடு வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. மூச்சு வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. நம் தொழுகையில் யாருக்கு மூச்சு வாங்குகிறது? பள்ளிவாசலுக்கு எதிர் சந்திலிருந்து பைக்கில் வருகிறவர் தொழுகையை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது நியாயமா?

பள்ளிவாசலின் ஓரங்களில் நாற்காலிகள் பெருகிவருவதைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பு எண்பது வயதுப் பெரியவருக்காக ஒன்றிரண்டு கிடக்கும். இப்போது ஐம்பதைத் தாண்டாதவர்களும் அதில் உட்கார்ந்து தொழுகிறார்கள். விபத்து, மூட்டு அறுவை சிகிச்சை, பிறவிக் குறைபாடு என்று உண்மையான காரணம் உள்ளவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. பத்து வருடம் நடக்காமல், தொடைத் தசை தளர்ந்து, அதன் மேல் இருபது கிலோ கூடுதல் எடையை ஏற்றி, பிறகு முழங்காலைக் குறை சொல்கிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

வீட்டில் இன்றே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14 முறையாவது செய்ய வேண்டும், பெண் 12 முறை. அதற்குக் குறைந்தால் கால் வலு சராசரிக்கும் கீழே, தடுக்கி விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். நாற்பது வயதில் இருப்பவர் இந்த எண்ணைத் தொட முடியாமல் திணறினால், அறுபதில் யார் கையைப் பிடித்து எழுந்திருக்கப் போகிறார் என்று இப்போதே யோசிக்கட்டும். பயிற்சியும் இதேதான். காலையில் பத்து, மாலையில் பத்து, பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்த சாக்கு, "வீட்டுல ஆக்கிப் போடுறதத்தானே திங்க முடியும்". இதைச் சொல்வது பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் மீது பழியைப் போட்டுவிட்டு வெளியே போய் மாலையில் இரண்டு சமோசாவும் டீயும் முடித்துவிட்டு வருவார்கள். சரி, அந்த டீயையே கணக்கெடுப்போம். ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். கடையில், வீட்டில், விருந்தாளி வந்தால், விருந்தாளியாகப் போனால் என்று ஒரு நாளைக்கு ஐந்து டீ. 50 கிராம் ஆயிற்று. ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது மருத்துவ உலகின் அறிவுரை. டீயிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரையை ஒருவர் டீயில் மட்டுமே குடிக்கிறார். இதில் மனைவி சமையலின் குற்றம் எங்கே இருக்கிறது?

சமைக்கத் தெரியாது என்பதும் ஒரு பதிலா? துபாயிலும் ரியாதிலும் ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கி, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்ட ஆண்கள்தான் ஊருக்கு வந்ததும் வெந்நீர் வைக்கத் தெரியாதவர்களாகி விடுகிறார்கள். ஒரு முட்டையை அவிக்கவும், கீரையை ஆயவும், கொண்டைக்கடலையை ஊறப்போட்டு வேகவைக்கவும், மீனை எண்ணெயில் போடாமல் குழம்பில் போடவும் தெரிந்த ஆண் தன் உடலுக்குத் தானே பொறுப்பெடுத்துக் கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், ஆண் பிள்ளைகளுக்கு முதலில். படிக்கப் போன ஊரில் மூன்று வேளையும் புரோட்டாவில் ஓட்டுகிறவனுக்கு இருபத்தைந்து வயதிலேயே கல்லீரலில் கொழுப்பு படிந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

எண்ணெய்க் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ நெய், டால்டா வாங்குகிறோம்? வீட்டில் எத்தனை பேர்? வகுத்தால் வரும் விடை, ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவை எவ்வளவு தாண்டுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. அரை மணி நேர நடையில் கரைவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். "பிரியாணி சாப்பிட்டுட்டு ஒரு ரவுண்டு நடந்துட்டா சரியாப் போச்சு" என்பவர்கள் இந்த ஒரு கணக்கை நினைவில் வைக்கட்டும். நடையும் வேண்டும், வாயையும் கட்ட வேண்டும்.

பிரியாணியையே விடச் சொல்லவில்லை. அதை விடச் சொன்னால் நீங்கள் கட்டுரையை இங்கேயே மூடிவிடுவீர்கள், எழுதுகிற நாமும் கடைப்பிடிக்கப் போவதில்லை. தட்டில் சோற்றின் அளவைப் பாதியாக்குங்கள். முதலில் வெங்காயப் பச்சடி, வெள்ளரிக்காய், இறைச்சி, பிறகு சோறு என்று வரிசையை மாற்றுங்கள். சஹனில் நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும்போது அளவு தெரியாமல் போகும், அங்கே கூடுதல் கவனம் தேவை. அன்றாடத் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கோழி என்று வைத்துக்கொண்டால் பெரிய கணக்கெல்லாம் தேவைப்படாது. வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கு ஒரு பங்கு, தண்ணீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு விடும் நபிவழியை நம் மேடைகளில் நூறு முறை கேட்டிருக்கிறோம். பயான் முடிந்ததும் தரும் தப்ரூக்கில் அது மறந்துபோகிறது.

நோன்பு மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகல் முழுக்கப் பசித்திருந்தும் ரமளான் முடியும்போது எடை கூடியிருக்கும் விந்தை நம்மிடம் நடக்கிறது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் நல்ல உணவுதான். அதற்குப் பிறகு வரும் வடை, சமோசா, கட்லெட், ரோஸ் சர்பத், கடற்பாசி, தராவீஹ் முடிந்ததும் புரோட்டா, சஹரில் நெய்ச்சோறு என்பதில்தான் எடை ஏறுகிறது. சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை, இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக மாற்றக்கூடாது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்திய விஷயம். அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கும்போது, "மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மயங்கி விழுவது வீரமல்ல.

நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு ஆறிப்போன சோற்றை மிச்சக் குழம்போடு சாப்பிடுவதும், பிள்ளை தட்டில் விட்டதை வீணாக்கக்கூடாது என்று வாயில் போடுவதும் தியாகம் இல்லை லாத்தா. உங்கள் வயிறு குப்பைத் தொட்டியும் இல்லை. "வீட்டு வேலையே உடற்பயிற்சி" என்றால் ஏன் இத்தனை பேருக்கு முழங்கால் வலி? தெருவில் நடக்கக் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடி இருக்கிறது. ஃபஜ்ருக்குப் பிறகு நான்கு பெண்கள் சேர்ந்து போனால் தெருவும் பழகிவிடும். ஆண்களே, நடக்கப் போகும் மனைவிக்கு அந்த அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு நம் சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் எல்லையில் இருந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2006ல் வெளியானது. அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திய குழுவில் 39.3 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுவில் 40.5 சதவீதம். நடையும் நாவடக்கமும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கின்றன. அமெரிக்காவில் 2002ல் வெளியான இதே போன்ற ஆய்வில், வாரம் 150 நிமிட நடையும் ஏழு சதவீத எடைக் குறைப்பும் இலக்காக இருந்தன. நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு ஏழு சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ.

இது எல்லையில் நிற்பவர்களுக்கு. ஏற்கெனவே நோய் வந்தவர்கள், வாட்ஸ்அப்பில் வரும் "ஒரே மாதத்தில் சர்க்கரைக்கு முற்றுப்புள்ளி" பொடிகளை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தன் உடலைத் தானே பார்த்துக்கொள்வதும் தனக்குத் தானே வைத்தியம் செய்துகொள்வதும் வேறு வேறு. பணம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அங்கே வரிசையில் நிற்கக் கௌரவம் பார்ப்பவர்கள்தான் பின்னால் தனியார் மருத்துவமனையில் லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள்.

கால் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையில் பாத உணர்வு மங்கிவிடும். வெயிலில் கொதிக்கும் பள்ளிவாசல் முற்றத்தில் வெறுங்காலுடன் நடந்து, பாதம் கொப்பளித்தது கூடத் தெரியாமல் தொழுதுவிட்டு வருபவர்கள் உண்டு. ஒளூ செய்த பின் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியை ஒரு கண்ணாடியை வைத்தாவது பார்க்க வேண்டும். தினம் ஒளூவுக்காகக் கழுவும் காலைத் தினம் ஒருமுறை உற்றுப் பார்க்க நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எதற்காக இவ்வளவு பாடு என்று மனம் சோரும்போது ஓர் இலக்கை வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கும் உம்ரா, ஹஜ் ஆசை இருக்கிறது. அதற்காக வருடக்கணக்கில் பணம் சேர்க்கிறோம், காலைச் சேர்ப்பதில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தவாஃபின் ஏழு சுற்று தனி. கூட்டத்தில் வெளிவட்டத்தில் சுற்ற நேர்ந்தால் அதுவும் பல கிலோமீட்டர் ஆகும். ஊரில் ஒரு கிலோமீட்டர் நடக்காதவர் அங்கே போய்ச் சக்கர நாற்காலியைத் தேடுகிறார்.

பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் தினம் பத்து நிமிடம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் அரை மணி நேரத்தைத் தாண்டியிருப்பீர்கள், ஐந்தாவது மாதம் நெருங்கும்போது ஒரு மணி நேரத்தை எட்டுவீர்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வீட்டு வராந்தாவில் நடங்கள். நாளைக் காலை ஃபஜ்ருக்குப் போகும்போது பைக் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.