ஒற்றர் தலைவர், அப்புறம் அதிபர்: எஸ்.ஆர். நாதன் கதை

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, வேலூர் ரோடு சத்தத்துக்கு நடுவுல இருந்து இன்னொரு எபிசோடு.

2025 பிப்ரவரியில அமெரிக்காவோட தேசிய உளவுத்துறை இயக்குநரா துளசி கபார்ட் பதவியேத்தாங்க. எட்டு வருஷம் எம்.பி.யா இருந்த ஒரு அரசியல்வாதி, 18 உளவு அமைப்புகளுக்குத் தலைமைக்கு வந்தாங்க. செனட்ல ஓட்டு 52-க்கு 48. நம்ம நாட்டுல ஐ.பி., ரா ரெண்டுக்கும் அதிகாரிகள்தான் தலைமைக்கு வருவாங்க. ரிட்டயர் ஆனபிறகு சிலர் ஆளுநர் ஆவாங்க. ஐ.பி. இயக்குநரா இருந்த எம்.கே. நாராயணன் 2010-ல மேற்கு வங்க ஆளுநர் ஆனார்.

ஆனா ஒற்றர் தலைவரா இருந்து, நாட்டுக்கே அதிபர் ஆன ஒரு தமிழர் உண்டு. செல்லப்பன் ராமநாதன். சிங்கப்பூர்ல 1924-ல பிறந்தவர். எட்டு வயசுல அப்பாவை இழந்தார். பதினாறு வயசுல வீட்டை விட்டு ஓடினார். ஜப்பான் ஆக்கிரமிப்புக் காலத்துல ஜப்பானிய மொழி கத்துக்கிட்டு மொழிபெயர்ப்பாளரா வேலை பார்த்தார். அப்புறம் படிச்சு, ஆஸ்பத்திரியில சமூகப் பணியாளர், கப்பல் தொழிலாளர் நல அதிகாரி, தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு, வெளியுறவுத் துறைன்னு படிப்படியா ஏறி, 1971-ல பாதுகாப்பு அமைச்சகத்தோட உளவுப் பிரிவுக்குத் தலைவர் ஆனார்.

சோதனை 1974 ஜனவரி 31-ல வந்தது. ஜப்பானிய செம்படையைச் சேர்ந்த ரெண்டு பேர், பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்த ரெண்டு பேர், புக்கோம் தீவுல இருந்த ஷெல் எண்ணெய் ஆலையைத் தாக்கினாங்க. தப்பிக்க வழியில்லாம 'லாஜு'ங்கிற படகைக் கடத்தி, ஊழியர்களைப் பணயமா வச்சுக்கிட்டாங்க. பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போச்சு. பிப்ரவரி 6-ல அவங்க கூட்டாளிகள் குவைத்ல ஜப்பான் தூதரகத்தையே பிடிச்சாங்க. வேற வழியில்லாம ஜப்பான் விமானம் அனுப்பிச்சது.

போற வழியில ஆபத்து வராதுன்னு உத்தரவாதமா யாராவது கூடப் போகணும். நாதன் தலைமையில 13 அதிகாரிகள் பிப்ரவரி 8-ல அதே விமானத்துல ஏறினாங்க. கோப்பு பார்க்கிற ஆளு, கடத்தல்காரங்களோட உட்கார்ந்து பறக்கிறார்! குவைத் முதல்ல இறங்கவே விடமாட்டேன்னு சொன்னது. கடைசியில எல்லாரும் உயிரோட மறுநாள் ஊர் திரும்பினாங்க.

1979 வரைக்கும் அந்தப் பொறுப்பு. பிறகு பத்திரிகை நிறுவனத் தலைவர், மலேசியாவுக்குத் தூதர், அமெரிக்காவுக்குத் தூதர். 1999-ல போட்டியில்லாம அதிபர். 12 வருஷம் இருந்தார், வேற யாரும் அத்தனை காலம் இருந்ததில்லை. 2016-ல காலமானார்.

ஒரு கேள்வியும் இங்கே இருக்கு. ரகசியம் காக்கிறவர் மக்கள் முன்னாடி வந்து நின்னா நாம எதை வச்சு நம்பறது? போட்டியே இல்லாத தேர்தல்ல மக்கள் ஓட்டுப் போட்டுச் சொல்ல வாய்ப்பே கிடைக்கலையேன்னு அப்போ விமர்சனமும் வந்தது. அது நியாயமான கேள்விதான். ஆனா லாஜு விஷயத்துல ஒண்ணு தெளிவு: தானே விமானத்துல ஏறினார்.

கபார்ட் மாதிரி அரசியல்ல இருந்து உளவுக்குப் போறவங்களையும் இதே கேள்வியால அளக்கலாம்: ஆபத்து வரும்போது யார் முன்னாடி நிக்கிறாங்க? நீங்களே யோசிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.