படியோலையும் மூலவோலையும்

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நடந்த வழக்கைப் பெரியபுராணத்தில் பக்திரசத்துக்காகப் படிப்பவர்கள் பலர். சாட்சியப் பிரமாணத்துக்காகப் படிப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலைப்படி நீ எனக்கு அடிமை என்று வழிமறித்த கிழ வேதியரின் கையிலிருந்த ஓலையை, நம்பி துரத்திப் பறித்துக் கிழித்தெறிந்துவிட, விவகாரம் சபைக்கு வந்தபோது, கிழிபட்டது படியோலைதான், மூலவோலை என் வசம் பத்திரமாக இருக்கிறது என்றார் அந்தக் கிழவர். சபையார் அதைக் கரணத்தானைக் கொண்டு வாசிப்பித்தார்கள். சாட்சிக் கையெழுத்துகளைச் சோதித்தார்கள். அதன் பின்னும் திருப்தியடையாமல், பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பு நோக்கினார்கள். இன்றும் நம் அலுவலகங்களில் வழங்குகிற இந்த ‘ஒப்பு நோக்குதல்’ சேக்கிழார் ஆண்ட சொல்லேதான். ஓலை மெய்யென்று சொல்லும் அதிகாரம் அச்சபையில் எவருடைய பதவிப் பெயரிலும் இல்லை, அருகருகே வைத்துப் பார்த்த செயலில் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

சேக்கிழார் சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. ஆகவே ஆவண முறைமைகள் அவருக்குப் பழக்கமாக இருந்ததில் வியப்பில்லை. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை என்னும் அதிகாரி எழுத, ஓலைநாயகம் என்பவர்கள் அது அரசன் சொன்னதற்கு ஒத்திருக்கிறதென்று ஒப்பிட, அதன் பின்னரே அது வரிக்கணக்கில் ஏறும். முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைக் கூறும் லெய்டன் செப்பேடுகளில் இந்த உத்தியோகஸ்தர் வரிசையை விரிவாகக் காணலாம். இதைவிட என் மனத்தைக் கவர்ந்தது திருமழபாடிச் செய்தி. அவ்வூர்க் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபொழுது, சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்துக் கொள்ளச் செய்து, திருப்பணி முடிந்த பின்பு, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், அவற்றை மீண்டும் கல்லில் வெட்டுவித்தார்கள். இப்படிப் படியெடுத்து வெட்டியவற்றைப் பழங்கல்படி என்று அந்நாளைய கல்வெட்டுகளே சில இடங்களில் சொல்லிக்கொள்கின்றன. மூலம் அழிந்தபின் படியே மூலமாகிவிடும் நிலையில், தான் படி என்பதை மறைக்காத அந்த நேர்மை போற்றத்தக்கது.

கம்பெனியார் ஆட்சிக்குப் பின் வந்த சட்டங்கள் இந்த விஷயத்தை எழுத்தில் கட்டின. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இயற்றிய 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, பொது ஆவணத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரியே, அதைப் பார்வையிட உரிமையுள்ளவருக்கு, உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, அடியில் உண்மை நகல் என்று எழுதி, தேதியும் பெயரும் பதவியும் குறித்துக் கையொப்பமிட்டு, முத்திரை உண்டானால் அதையும் பதித்துக் கொடுக்க வேண்டும் என்றது. எவன் கையில் அசல் இருக்கிறதோ அவனே நகலுக்குப் பொறுப்பாளி. பதிவுச் சட்டம் இதிலும் ஒரு படி மேலே சென்றது. சப்-ரிஜிஸ்திரார் கச்சேரியில் அந்நாளில் கிரயப் பத்திரத்தைப் பதிவுப் புத்தகத்தில் வரிக்கு வரி எழுதிக்கொண்டு, அசலைக் கட்சிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிற்பாடு நகல் கேட்பவருக்குக் கிடைப்பது அந்தப் புத்தகத்தின் நகல், அதாவது நகலின் நகல். ஆயினும் பதிவதிகாரி கையொப்பமும் முத்திரையும் இட்ட அந்த நகல், மூலப் பத்திரத்தின் வாசகத்தை நிரூபிக்கக் கோர்ட்டில் செல்லும். புத்தகம் ஒரு நாளும் கச்சேரியைவிட்டு வெளியே போகாததுதான் அதன் பலம்.

நோட்டரி என்பவர் வேறு வம்சம். 1533ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டமொன்றின் வழியாகக் காண்டர்பரிப் பேராயரின் நீதிமன்றத்துக்கு வந்த அதிகாரத்தால், லண்டனிலிருந்த ஒரு நீதிபதியே இந்தியாவுக்கும் நோட்டரிகளை நியமித்து வந்தார். மயிலாப்பூர் வக்கீலொருவர் ஒரு பத்திரத்துக்குச் சான்றுரைக்க, கடல் கடந்த ஒரு பாதிரியார் பீடத்தின் அனுமதி வேண்டியிருந்தது என்றால் இன்று சிரிப்பு வருகிறது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1952ஆம் வருஷத்து நோட்டரிச் சட்டம் 1956இல் அமலுக்கு வந்து அந்த நூலை அறுத்தது. இலங்கைத் தமிழரோ நோட்டரியைப் பிரசித்த நொத்தாரிசு என்பர். அங்கே பிரதிகளை உறுதிப்படுத்தச் சமாதான நீதவானிடமும் செல்வதுண்டு.

நம் நாட்டில் சாமானியர்கள் அதிகம் அலைந்தது கெஜட்டட் ஆபீசர்களின் வாசலில்தான். நியமனம் அரசிதழில் வெளியாகும் அந்தஸ்துள்ள அதிகாரி எவராயினும், அவர் கால்நடை வைத்தியரானாலும் கல்லூரி ஆசிரியரானாலும், பச்சை மையில் ஒப்பமிட்டால் பள்ளிச் சான்றிதழின் நகல் செல்லுபடியாயிற்று. அசல் அவர் வசம் இருந்ததே இல்லை. அவர் வசம் இருந்தது பதவி மட்டுமே. ஜெராக்ஸ் வராத காலத்தில் எங்கள் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காசு கொடுத்து நகல் அடித்துக்கொண்டு போக வேண்டும். நான் முதலில் போன அதிகாரி, அசலைத் தம் கையில் வைத்துக்கொண்டு என்னை நகலை உரக்க வாசிக்கச் சொன்னார். பிறந்த வருஷத்தில் ஓர் இலக்கம் பிசகியிருந்ததைக் கண்டு, வேறு அடித்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். கோபத்தோடு இன்னொருவரிடம் போனேன். அவர் தலை நிமிராமலே அந்தப் பிழையான நகலில் ஒப்பமிட்டு முத்திரையும் குத்தினார். அன்று இரண்டாமவரைத்தான் நல்லவர் என்று வீட்டில் சொன்னேன்.

யந்திரம் வந்து அசலின் நிழலை அப்படியே பிடித்துக் கொடுக்கத் தொடங்கியபின், டைப் அடிப்பவரின் பிசகு ஒழிந்தது. ஒழியாதது வேண்டுமென்றே செய்யும் மோசடி, அதைப் பச்சை மை ஒருபோதும் தடுத்ததில்லை. பரம்பரையாக வந்த கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980இல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டபோது, திருவெண்ணெய்நல்லூர்க் கரணத்தானின் பெயரைச் சுமந்த கடைசி உத்தியோகமும் போயிற்று. 2014 வாக்கில் மத்திய, மாநில அரசுகள் விண்ணப்பதாரரே தம் நகலில் ஒப்பமிட்டால் போதும், அசலை நேர்முகத்தின்போது கொண்டுவந்து காட்டட்டும் என்று பல காரியங்களில் விதித்தன. இப்பொழுது உத்தியோகத்துக்குத் தேர்வான பிள்ளை, உறையிலிருந்து அசலை உருவி மேஜைமேல் வைக்கிறான். எதிரே இருக்கும் குமாஸ்தா, ஒரு விரலை அசலிலும் ஒரு விரலை நகலிலும் வைத்து, வரிவரியாக இறங்குகிறார்.