காவஸ்ஜியின் மூக்கும் தோல் மடலின் காம்பும்

1794 அக்டோபரில் இலண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில், பி.எல். என்ற முதலெழுத்துகளுடன் ஒரு கடிதம் வெளியாயிற்று. 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு எருது ஓட்டிய காவஸ்ஜி, திப்புவிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். புனேக்கு அருகில், செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதுமூக்கு அமைத்தார் என்பதே செய்தி.

இதைச் சுசுருதரின் முறை என்றே பலரும் பகிர்கின்றனர். ஆனால், சுசுருத சம்ஹிதை கூறுவது கன்னத்துத் தோலை. புனேயில் எடுக்கப்பட்டதோ நெற்றித்தோல். மூலநூலைப் புரட்டாமல் பெருமிதம் கொள்வதில், அந்தச் செங்கல்காரரின் கைத்திறன் மறைந்துவிடுகிறது.

அவர் மெழுகில் மூக்கின் வடிவைச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து எல்லை வரைந்தார். தோலை உரித்தபோது இரு கண்களுக்கிடையே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார். பின் தோலைத் திருப்பிக் கீழிறக்கி, தையலின்றிக் காசுக்கட்டிக் குழம்பு தடவிய துணியால் ஒட்டினார். ஏறத்தாழ 25 நாள்களுக்குப் பின்னரே அந்த இணைப்பு வெட்டப்பட்டது. புதிய இடத்தில் குருதியோட்டம் வேரூன்றும்வரை தோலை உயிரோடு வைத்திருந்தது அந்தக் காம்புதான். இத்தகைய தோலை ‘மடல்’ என்பது எனக்கு மிகப் பொருத்தமாகப்படுகிறது: தென்னை மடலும் அடியில் ஒட்டியிருக்கும்வரைதான் பசுமை.

இச்செய்தியறிந்த ஜோசப் கார்ப்யூ 1814இல் இலண்டனில் இம்முறையைச் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். காவஸ்ஜியின் பெயரும் கார்ப்யூவின் பெயரும் நிலைத்தன; கத்தி பிடித்தவரின் பெயரைக் கடிதம் குறிக்கவில்லை.

காம்பு எவ்வளவு குறுகலாம்? பின்வந்த நூற்றாண்டின் கேள்வி இதுவே. 1889இல் கார்ல் மன்ஷோ தோலின் தமனிகளை வரைபடமாக்கினார். தசையைத் துளைத்துத் தோலுக்கு ஏறும் நுண்நாளங்களே பெர்ஃபரேட்டர்கள். சரியாக நூறாண்டு கழித்து, 1989இல் ஜப்பானின் இசாவோ கொஷிமாவும் சோயேடாவும் வயிற்றுத்தசையை எடுக்காமல், அத்தகைய நாளத்தை மட்டும் நம்பித் தோல் மடலை எடுத்ததை வெளியிட்டனர். தசையை இழக்க வேண்டியதில்லை என்பது நோயாளிக்குச் சிறிய ஆதாயமன்று.

விபத்தில் கீழ்க்கால் எலும்பு வெளித்தெரியும்போது, இன்று டாப்ளர் கருவியில் நாளத்தின் ஓசை கேட்டு இடங்குறித்து, அதையே அச்சாக்கி மடலை 180 பாகை வரை சுழற்றுகின்றனர். நாளம் முறுகினால் சிரைக்குருதி தேங்கி மடல் கறுக்கத் தொடங்கும். ஆகவே முதல் நாள்களில் அதன் நிறத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

- ஹப்சிகுடா, ஹைதராபாத்