மாதிரி ரயில் எஞ்சின்: அளவுத் துல்லியமும் ஓட்டத் தரமும்

மாதிரி ரயில் எஞ்சினை மதிப்பிட இரண்டு கேள்விகள் உண்டு. அசல் எஞ்சினை எவ்வளவு சரியாகச் சுருக்கியிருக்கிறது? தண்டவாளத்தில் வைத்தால் எப்படி ஓடுகிறது? கண்ணாடிப் பேழைக்குள் நிற்கப்போகும் மாதிரிக்கு முதல் கேள்வி போதும். பிள்ளைகள் விளையாடும் ரயிலுக்கு இரண்டாவது போதும். இரண்டுக்கும் ஒரே எஞ்சின் பதில் சொல்ல வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இந்திய எஞ்சின்களில் அந்தச் சிக்கல் கூடுதல். காரணம், நம் அகலப்பாதை.

அகலப்பாதைக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். திருவள்ளூர் மாவட்டத்து நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம்; அவ்வூர்க்காரர்கள் ரயில் ஏறத் திருத்தணிக்குப் போக வேண்டும். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் அந்தப் பாதையில் திருத்தணி, பொன்பாடி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று நிலையங்கள் வருகின்றன. ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டையின் பெயர்ப்பலகையைச் சுருக்கி எழுதுவதே ஒரு மாதிரிக் கலைஞருக்குத் தனிச் சோதனை. சென்னையிலிருந்து மும்பை செல்லும் வழி இது, 1676 மி.மீ. அகலப்பாதை. இந்தப் பாதையை ஒரு மேசைமேல் கொண்டுவர முயன்றால் என்னென்ன இடிக்கும் என்று பார்ப்பது, இந்தப் பொருளை விளங்கிக்கொள்ள நல்ல வழி.

பாதையின் அகலம்

உலகில் மிகப் பரவலான மாதிரி அளவு ஹெச்.ஓ. எனப்படுவது. அசலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்குவது அதன் கணக்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இது 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கு வகுத்த கணக்கு, அதற்குச் சரியாகப் பொருந்தும். நம் 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம், தடம் மாற்றும் பாயிண்ட், எஞ்சினின் அடிச்சட்டமான சேசிஸ் எல்லாம் 16.5-தான். ஆக, இந்திய எஞ்சினின் உடல் சரியான அளவில் இருந்தாலும் கால்கள் ஏறக்குறைய 14 விழுக்காடு நெருங்கி நிற்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால், இரு பக்கமும் சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் போகிச் சட்டத்துக்கும் நடுவே ஒன்றேகால் மி.மீட்டருக்கு மேல் இடைவெளி தெரியும். அதை மறைக்கப் போகிச் சட்டத்தை உள்ளே தள்ளினால், உடல் ஒல்லிக்கால்மேல் நிற்பதுபோல் ஆகிவிடும்.

பிரிட்டனிலும் இதே குறை உண்டு. வந்த வழி வேறு. பிரிட்டிஷ் எஞ்சின்கள் சிறியவை. அந்தக் காலத்து மோட்டாரை ஹெச்.ஓ. உடலுக்குள் அடக்க முடியவில்லை. அதனால் தண்டவாளத்தை 16.5-இலேயே வைத்துக்கொண்டு, உடலை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று பெரிதாக்கினார்கள். அதுதான் ஓ.ஓ. அளவு. அதன் நெருங்கிய காலைப் பொறுக்காதவர்கள் 18.2 மி.மீ. என்றும், இன்னும் பிடிவாதக்காரர்கள் 18.83 மி.மீ. என்றும் தண்டவாளத்தைக் கையால் போட்டுக்கொள்கிறார்கள். இந்திய எஞ்சின் உடலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார் தாராளமாக அடங்கும். அதனால் பிரிட்டனுக்கு இருந்த சாக்கு நமக்கு இல்லை. நம்மைக் கட்டிப்போடுவது கடைச்சரக்கு மட்டுமே.

வேடிக்கை என்னவென்றால், மீட்டர்கேஜ் எஞ்சினைச் சரியாகச் செய்வது இதைவிட எளிது. 1000 மி.மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. ஐரோப்பிய மலை ரயில்களுக்காக விற்கப்படும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு மிக அருகில் வருகிறது. பிழை 4 விழுக்காடுதான். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினையோ, ஒருகாலத்தில் எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய ஒய்.பி. எஞ்சினையோ செய்கிறவர், அகலப்பாதைக்காரரைவிட அசலுக்கு நெருக்கமாக வந்துவிடலாம்.

சக்கரம், போகி, வளைவு

அசலைப் போலவே சுருக்கிய சக்கரம் எளிதில் ஓடாது. இந்திய ரயில் சக்கரத்தின் விளிம்பு புதிதாக இருக்கும்போது 28.5 மி.மீ. ஆழம்; 87-இல் ஒரு பங்கு 0.33 மி.மீ. சற்றே மேடுபள்ளமான மேசைத் தண்டவாளத்தில் அது நிற்காமல் நழுவிவிடும். அதனால் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைத்து உலகெங்கும் பரவிய சக்கர வடிவத்தில் விளிம்பு 0.64 மி.மீ. அளவில் இருக்கிறது, சக்கரத்தின் தடிமனும் அளவுப்படி இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தோற்றத்தையும் ஓட்டத்தையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கச் செய்யும் இடம் இந்தச் சக்கரம்தான். மற்ற சமரசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை.

அடுத்தது வளைவு. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது 2 மீட்டர் ஆகும். அதாவது வட்டம் ஒன்று போட 4 மீட்டர் அகலமுள்ள கூடம் வேண்டும். கடையில் விற்கும் வளைவுத் துண்டுகளின் ஆரம் 36 சென்டிமீட்டரிலிருந்தே தொடங்குகிறது. ஆறு சக்கரப் போகி அந்த வளைவில் நன்றாகத் திரும்ப வேண்டுமானால், அதை இடிக்கும் படிக்கட்டு, காற்றுக்குழாய், முன்னே தொங்கும் கேட்டில் கார்டு எல்லாவற்றையும் வெட்டவோ உயர்த்தவோ வேண்டும். முகப்பு மொட்டையாகத் தெரியும் பல மாதிரிகளின் குற்றவாளி, செய்தவரின் சோம்பல் அல்ல, வாங்குகிறவரின் மேசை.

இந்தியாவில் கைத்தொழிலாகச் செய்வோர் பெரும்பாலும் முப்பரிமாண அச்சிலோ பித்தளைத் தகட்டிலோ உடலைச் செய்து, வெளிநாட்டுச் சேசிஸ்மேல் பொருத்துகிறார்கள். இங்கே போகியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பின்னர் வாரணாசியில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினின் போகியில் நடு அச்சு நட்டநடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். டபிள்யூ.ஏ.எம்.-4 மின் எஞ்சினுக்கும் அதே போகிதான். மூன்று அச்சும் சம இடைவெளியில் உள்ள சேசிஸை இவற்றுக்கு மாட்டினால், எவ்வளவு நல்ல வண்ணம் பூசினாலும் பழக்கப்பட்ட கண் ஏமாறாது. டபிள்யூ.ஏ.பி.-7 போன்ற மின் எஞ்சின்களில் நீளமும் பார்க்க வேண்டும். அசல் 20.56 மீட்டர் என்பதால் மாதிரி 236 மி.மீ. இருக்க வேண்டும், சேசிஸ் குட்டையாக இருந்தால் உடலையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறவர்கள் உண்டு. பஃபரின் உயரத்தை அளப்பது எளிய சோதனை. அசலில் உச்ச அளவு 1105 மி.மீ., மாதிரியில் 12.7. பெட்டியோடு சேர்த்து நிறுத்தினால் ஏற்றத்தாழ்வு உடனே காட்டிக்கொடுக்கும்.

ஓட்டம்

நல்ல ஓட்டம் என்றால் வேகம் என்று நினைப்பது பொதுவான தவறு. சரியாகச் சொன்னால், மெதுவாக ஓட முடிவதுதான் தரம். 1-க்கு 12 சாய்வுள்ள பாயிண்டில், நிலையத்தின் பக்கத் தடமான லூப் லைனுக்குள் நுழையும் ரயிலுக்குப் பொதுவாக மணிக்கு 30 கி.மீ. வேகம். ஹெச்.ஓ. அளவில் அது நொடிக்கு 96 மி.மீ.; ஒரு மீட்டரைக் கடக்கப் பத்து நொடிக்கு மேல் ஆக வேண்டும். 5 கி.மீ. வேகத்தில் ஷண்டிங் செய்தால் நொடிக்கு 16 மி.மீ.தான். அந்த வேகத்தில் திக்காமல், நிற்காமல், குலுங்காமல் நகர்ந்தால் அது நல்ல எஞ்சின். பொம்மைப் பெட்டியோடு வரும் மலிவான எஞ்சின், தொட்டவுடன் பாய்ந்து 200 கி.மீ.க்கு இணையான வேகத்தில் சுற்றும்.

இதைத் தீர்மானிப்பது பல்சக்கர விகிதம். 1092 மி.மீ. விட்டமுள்ள அசல் சக்கரம் மாதிரியில் 12.55 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 39.4 மி.மீ. நகரும். 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் மோட்டாரை 15-க்கு 1 விகிதத்தில் குறைத்தால், உச்ச வேகம் மணிக்கு 137 கி.மீ.க்கு இணையாக வரும். இந்திய விரைவு ரயிலுக்கு அது போதும். மிச்சமுள்ள வீச்சு முழுவதும் மெதுவான ஓட்டத்துக்குக் கிடைக்கிறது. மூன்று முனை ஆர்மேச்சர் குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு இழுக்கும். ஐந்து முனை, அதிலும் சுற்றுத்தடம் சாய்வாக வெட்டியது, சீராகச் சுழலும். மோட்டார் தண்டில் மாட்டிய பித்தளை பிளைவீல், ஒரு கணம் மின்சாரம் அறுந்தாலும் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும்.

மின்சாரம் அறுவதுதான் அன்றாடத் தொல்லை. பன்னிரண்டு சக்கரமும் மின்சாரம் எடுக்கும் எஞ்சினும் நான்கு சக்கரம் மட்டும் எடுக்கும் எஞ்சினும் ஒரே பாயிண்டைக் கடக்கும்போது வித்தியாசம் தெரியும். ஜெர்மனியின் லென்ஸ் உருவாக்கிய முறையை ஒட்டி 1990-களில் தரமாக்கப்பட்ட டி.சி.சி. எனும் எண்முறைக் கட்டுப்பாடு, மோட்டார் திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்து வேகத்தைச் சீராக்குகிறது. சிறு மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் அழுக்கான இடத்தையும் தாண்டிவிடும். ஆனால் மோசமான பல்சக்கரத்தை எந்த மின்சுற்றும் நல்லதாக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டிக்’ என்று ஒலித்தால், அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள். மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நீராவி எஞ்சின் மாதிரியில் இதோடு இன்னொன்று சேரும். இடது, வலது இணைப்புத் தண்டுகள் 90 பாகை தள்ளி நிற்க வேண்டும். ஓர் அச்சில் அது சிறிது பிசகினாலும் டபிள்யூ.பி. போன்ற எஞ்சின் நொண்டும்.

பராமரிப்பு

அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் தறி ஓடும் வீடுகளில் பறக்கும் பஞ்சுத் துகளும் நூல் இழையும் எஞ்சினுக்கு நேரடி எதிரிகள். சேசிஸில் எண்ணெய் கசிந்திருந்தால் அவை அச்சைச் சுற்றிக் கயிறாகவே திரிந்துவிடும். எண்ணெய் ஒரு துளி போதும், அதுவும் ஊசிமுனையால். பித்தளைத் தண்டவாளத்தில் படியும் களிம்பு மின்சாரத்தை நன்கு தடுக்கும். நிக்கல் சில்வரில் தொல்லை குறைவு. தண்டவாளத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் கீறல் விழும். அந்தக் கீறலில் அழுக்கு முன்னைவிட விரைவாகச் சேரும்.

ஓடும் ஹெச்.ஓ. மாதிரிகளை இந்தியாவில் பார்க்க விரும்புகிறவர்கள் புனேயின் கோத்ரூட் பகுதிக்குப் போகலாம். பி.எஸ். ஜோஷி உருவாக்கிய சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் அங்கே இயங்குகிறது. சென்னையில், ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டி 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் அசல் எஞ்சின்களே நிற்கின்றன. மாதிரி செய்கிறவருக்கு அதுதான் கூடுதல் பயன்: அளவு நாடாவும் காமிராவும் எடுத்துக்கொண்டு போய்ப் போகியின் படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து வந்தால், வரைபடம் கிடைக்காத இடத்தை அது நிரப்பும்.