வழங்கியும் வழங்குமொழியும்

பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, மீனவர் ஊர்கள் சூழ அமைந்தது காட்டுப்பள்ளி. ஈண்டு 2013-இல் சரக்குப்பெட்டகத் துறைமுகம் செயற்படத் தொடங்கிற்று. அதன் விரிவாக்கம் குறித்து 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் அறிவிக்கப்பெற்றுப் பின் ஒத்திவைக்கப்பெற்றன. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை, இத்தகைய திட்டங்களின் சுருக்க அறிக்கை மாநில மொழியிலும் அமைதல் வேண்டும் என்கிறது. முழு அறிக்கைக்கு அவ்விதி இல்லை. அறிக்கைகள் இன்று இணைய வழியாகவும் மக்களை அடைகின்றன. தமிழ் குறைவுபடுதற்குக் கருவியே காரணம் எனக் கருதுவாரும் உளராகலாம். அது பொருந்துமா என ஆராய்வோம்.

தொலைவிலுள்ள கணினி வேண்டும் பக்கத்தை எடுத்தனுப்பும் மென்பொருளை 'வழங்கி' என்கிறோம். இதன் முதல் வடிவை 1990-இல் செனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்சு-லீ இயற்றினார். 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெக்கூல் மற்றொன்றை ஆக்கினார். அதனைத் திருத்திப் பயன்படுத்தியோர் ஒருங்கு கூடியதன் பயனே 1995-இல் தோன்றிய அப்பாச்சி. இவை பெரும்பாலும் எழுதிவைத்த ஏட்டை எடுத்துக் கொடுப்பன. துறைமுகம், வங்கி, அரசு அலுவலகம் போன்ற பெருநிறுவனங்களுக்கோ இது போதாது. கேட்பவர்க்கேற்பக் கணக்கிட்டு, அப்போதைக்கப்போது விடையை ஆக்கித் தருதல் வேண்டும். அத்தகைய சாவா நிரல்களை இயக்கும் டாம்கேட், சன் நிறுவனம் 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளித்த நிரலினின்று வளர்ந்தது.

இவ்வரலாற்றில் நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. 1997-இல் வெளியான இணையப் பரிமாற்ற விதி, வேண்டுவோர் தாம் விரும்பும் மொழிகளை முன்னுரிமை வரிசைப்படி வேண்டுகோளுடனேயே தெரிவிக்க வகை செய்தது. ஒரே ஆவணம் பல மொழிகளில் வைக்கப்பெற்றிருப்பின், வேண்டிய மொழி வடிவைத் தெரிந்தனுப்பும் ஆற்றல் அப்பாச்சிக்கு உண்டு. மொழிகளுக்கான உலகப் பொதுக்குறிகளுள் தமிழுக்கும் ஓர் ஈரெழுத்துக் குறி உளது. எனவே, தமிழ்ப் பக்கம் வேண்டும் எனக் காட்டுப்பள்ளி மீனவரின் கைப்பேசி கேட்டல் கூடும். வழங்கியும் அதனை உணரும். ஆயினும் வைக்கப்பெறாத ஏட்டை அஃது எடுத்துக் கொடுத்தல் இயலாது.

ஆகவே குறை கருவியின்பாற்பட்டதன்று. ஏட்டை ஆக்கி வையாதார்பாற்பட்டதே என்பது தெளிவு. வழங்குதல் என்னும் சொல் கொடுத்தலையும் பயின்று வருதலையும் ஒருங்கே குறிக்கும். அலுவலகத்தில் வழங்காத மொழியை வழங்கியும் வழங்காது. முழு அறிக்கையையும் தமிழில் ஆக்குதற்குரிய சொல்வளத்தை அமைத்துத் தருதல் தமிழ்த் துறைகளின் கடனாகும்.